மிளகு காய வைக்கும் அட்டை

இன்று நடந்ததை மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன்.
1. எங்கள் மிளகு கெட்டுவிட்டது.
2. வியாபாரம் தொடங்குமுன்பே முடிந்தது.
3. காரணம் மழை. என் திட்டத்தில் பிழையில்லை.

மிளகைப் பைக்கற்றில் போட்டு விற்பதற்காக, போனில் ஒரு செயலியை இறக்கி, வேலைக்கு ஓர் அட்டையாக முப்பது அட்டைகள் போட்டிருந்தேன். ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்ததன் பூட்டுத் திறக்கும்.

மனைவியின் கொடிகளில் இந்த வருடம் பறித்த மிளகு அத்தனையும் சாக்கில் இருந்தது.

"வெயில் நல்லா அடிக்குதுங்க, காய வச்சிடுவோமா?" என்று நான்கு நாளும் கேட்டாள்.

"லேபிள் அடிச்சு வரட்டும். அதுக்குப் பிறகுதான் காய வைக்கிற அட்டை" என்றேன்.

ஐந்தாம் நாள் மழை பிடித்தது. விடவேயில்லை.

இன்று காலை மாத்தளை டவுனில், எங்கள் பைக்கற்றுகளை வைக்க ஒரு தட்டு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்த கடைக்கார நானாவிடம் மாதிரி கொண்டுபோனேன். நிறம் எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"என்ன சேர், பூஞ்சணம் புடிச்சிருக்கே! வெயில் அடிச்சப்ப என்ன செஞ்சீங்க?"

போனைக் காட்டினேன்.

"கலர் கலரா அழகா இருக்கு. இதையா சேர் பைக்கற்றுல போட்டு விக்கப் போறீங்க?"

தட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

வீடு திரும்பினால் லேபிள்கள் வந்திருந்தன. மனைவி அவற்றை என் கையில் தந்தாள். போனில் லேபிள் அட்டையை 'முடிந்தது' என்று குறித்தேன். காய வைக்கும் அட்டையின் பூட்டுத் திறந்தது.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. நான்கு நாள் வெயில் அடித்தது. அதற்கு எங்கே அட்டை போடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.