ஒட்டுக்கா முடிக்க முடியாத வேலை

எங்கள் தொழிலில் கை என்றால் டீ-ஷர்ட்டின் கை. "இன்னிக்கு எத்தனை கை வெச்சீங்க?" என்று யாராவது கேட்டால், உடம்புத் துணியோடு எத்தனை கைகளை ஓவர்லாக் மெஷினில் சேர்த்துத் தைத்தீர்கள் என்று அர்த்தம். பதினெட்டு வருஷமாக எனக்கு அதுதான் வேலை. ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்குக் கை வைத்துக் கொடுத்தவளுக்கு, ஒரு நாள் காலையில் தன் கையை ஜாக்கெட்டின் கைக்குள் நுழைக்க முடியவில்லை. வலது தோள் பாதி வழியில் நின்றுவிட்டது. வலி என்று சொன்னால் போதாது. உள்ளே யாரோ கதவைச் சாத்திக்கொண்டு திறக்க மாட்டேன் என்று நிற்பது போல இருந்தது.

ஆளுக்கு ஒரு பேர் வைத்தார்கள். பக்கத்து வீட்டில் வாயு என்றார்கள். கம்பெனியில் "கை லாக் ஆயிருச்சு" என்றார்கள். டாக்டர்தான் சர்க்கரையைப் பரிசோதித்து, கையை நாலு பக்கமும் தூக்கிப் பார்த்து, "ஃப்ரோசன் ஷோல்டர்" என்றார். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை இறுகிவிட்டதாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு அதிகமாக வருமாம், எனக்கும் இருந்தது. ஆபரேஷன் கடைசிப் பேச்சு, பெரும்பாலும் அதுவரை போகாது, மாத்திரையும் பயிற்சியும் போதும், ஆனால் வருஷக் கணக்கில் ஆகலாம் என்றார். ஆபரேஷன் இல்லை என்றதில் எனக்கு இருந்த சந்தோஷத்தில் கடைசியில் சொன்னது காதில் சரியாக விழவில்லை.

தைத்ததில் பழுது பார்க்கிற செக்கிங்கில் இருக்கும் என் சிநேகிதி மட்டும் அதற்குத் தமிழ் கண்டுபிடித்தாள். "உறைஞ்சு போச்சா? ஏனுங்க்கா, தோளு என்ன ஒறை ஊத்துன பாலா? அப்ப நாளைக்குத் தயிர் ஆயிருமுங்களா?" என்று கேட்டாள். எங்கள் மெஷின் வரிசை, அந்த லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தாலும் வலித்தது.

வீட்டில் என் தலையை வாரிவிடும் வேலை வீட்டுக்காரருக்கு வந்து சேர்ந்தது. அவர் சாயப் பட்டறையில் வேலை பார்க்கிறவர். முடியை மூன்றாகப் பிரிக்கத் தெரியாது. பண்டல் கட்டுகிற மாதிரி ஒட்டுமொத்தமாகப் பிடித்து இறுக்கி ஒரு முடிச்சுப் போடுவார்.

"ஏனுங்க, அது தலைங்க. எக்ஸ்போர்ட் பொட்டி இல்லை."

"ஏம்புள்ள, பொட்டியா இருந்தா இத்தன நேரம் டேப் ஒட்டி அனுப்பீருப்பேன். ஆடாம இரு."

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போனது. சிரிக்க முடியாத இடம் ஒன்றுதான். அது என் மெஷின். கை வைக்கிறவள் வலது பக்கம் அடுக்கியிருக்கும் துணியை எட்டி எட்டி எடுக்க வேண்டும். எனக்கு எட்டவில்லை. எங்கள் லைனின் கான்ட்ராக்டர் தங்கமான மனுஷன். தணிவாகத்தான் சொன்னார். "அக்கா, கை சரியாகற வரைக்கும் கைமடி பாருங்க. உங்க மெஷின ரெண்டு மாசம் நான் யாருக்கும் நெரந்தரமா குடுக்கலீங்க. அதுக்கு மேல எனக்கும் கஷ்டமுங்க, பாத்துக்கங்க."

கைமடி என்றால் தைக்கிறவர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை மடித்து அடுக்குவதும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் நிற்கிற இடம். நானும் அங்கேதான் நின்றேன், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால். திரும்ப அங்கே போய் நிற்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. ரெண்டு மாசத்துக்குள் மெஷினில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மங்கலம் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே பிசியோதெரபி அறை. அங்கே இருந்த பெண் திருநெல்வேலிப் பக்கம். பேச்சே பாட்டு மாதிரி இருக்கும். வெந்நீர் ஒத்தடம், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரலால் பல்லி மாதிரி ஏறுவது என்று சொல்லிக் கொடுத்து, தாளில் எழுதியும் கொடுத்தாள். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, வலி பொறுக்கிற அளவுக்கு மட்டும். சின்ன வேலைதான் என்று தோன்றியது.

எனக்கோ ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் வீடு வர ராத்திரி எட்டு எட்டரை ஆகும். மூன்று வேளைக்கு எங்கே போக? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பனியன் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. தைக்க வேண்டிய பீஸ் பாக்கி இருந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துக் கொடுப்போம். ஷிப்மென்ட் போக வேண்டும், அவ்வளவுதான். யார் எந்தக் கிழமை தைத்தது என்று வெளிநாட்டுக்காரன் கேட்கவா போகிறான்?

திங்கள் முதல் சனி வரை விட்டுப்போனதை எல்லாம் கூட்டினேன். ஒவ்வொன்றும் நூற்றெண்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டுச் சுவருக்கு முன்னால் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நூற்றெண்பதும் முடித்தேன். எக்ஸ்ட்ரா இருக்கட்டும் என்று மேலும் இருபது. ஏற்றுமதிக்கு எப்போதுமே கொஞ்சம் கூடத்தானே அனுப்புவோம்.

திங்கட்கிழமை டம்ளரைத் தூக்க முடியவில்லை. படுத்தால் தோள் கொதித்தது. பொறுத்துப் பார்த்து, வியாழக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் போய் நின்றேன்.

"ஏக்கா, என்ன செஞ்சிய? போன தடவைக்கு இப்பம் கை தூக்குற அளவு கீழ வந்துட்டே!"

"ஒரு வாரத்துத ஒட்டுக்கா செஞ்சுட்டனுங்க."

"ஓட்டுக்கா? எலக்‌ஷன்ல நிக்கியளா?"

"இல்லீங்க கண்ணு, ஒட்டுக்கா. ஒட்டுக்கான்னா, எல்லாத்தையும் சேர்த்து, ஒரேயடியா."

அவள் முதலில் சிரித்தாள். எத்தனை என்று கேட்டு நான் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "இருநூறா! அக்கா, இது தைக்கிற துணி இல்ல. உயிருள்ள சதை. புண்ணாக் கெடக்கிறதப் போட்டு இழுத்தா அது இன்னும் சுருட்டிக்கிடும். நீங்க சும்மா இருந்திருந்தாக்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது."

அந்தக் கடைசி வார்த்தையை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. உழைத்ததற்குத் திட்டு வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சோம்பேறியாக இருந்து கெட்டிருந்தால் என்னை நானே நாலு திட்டுத் திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

தோளின் கொதிப்பு அடங்கவே ஆறு வாரம் ஆனது. கான்ட்ராக்டர் சொன்ன ரெண்டு மாசம் அதிலேயே தீர்ந்துபோனது. என் மெஷினில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் நிரந்தரமாக உட்கார்ந்தாள். அவளுக்குக் கைமடி நான். அவள் மேல் எரிச்சல்படலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. நல்ல வேகம், தையல் சுத்தம். சாப்பாட்டு நேரத்தில், "அக்கா, நீ உக்காரு, நான் எடுத்துக்கும்" என்று எனக்குத் தண்ணீர் பிடித்து வருவாள். இப்படிப்பட்டவளிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

அதற்குப் பிறகுதான் தாளில் எழுதியபடி செய்தேன். காலையில் பத்து, கம்பெனியில் மத்தியானம் கழிப்பறைப் பக்கத்துச் சுவரில் பத்து, படுப்பதற்கு முன் பத்து. வீட்டுச் சுவரில் விரல் எட்டுகிற இடத்தைத் துணியில் கோடு போடும் சாக்பீஸால் குறித்து வைத்தேன். ஏழு வாரம் கோடு ஒரே இடத்தில் நின்றது. கோட்டின் மேலேயே கோடு அடித்து அந்த இடம் தடித்துப்போனது. "வெள்ளையடிக்கறவன் வந்தா இங்கிருந்து ஆரம்பிக்கட்டும்னு அளவு போட்டு வெச்சியா?" என்றார் வீட்டுக்காரர். நான் சாக்பீஸை அவர் மேலேயே எறிந்தேன். இடது கையால்தான். வலது கையால் எறிகிற யோகம் எங்கே?

ஆறுதல் சொல்கிறவர்கள்தான் கொன்றார்கள். "எங்க சின்னம்மாளுக்கும் இப்படித்தானுங்க, ஒரு மாசத்துல செரியாயிருச்சு" என்று ஒருத்தி. "எங்க மாமனுக்கு மூணு வருஷமுங்க" என்று இன்னொருத்தி. சிநேகிதி மட்டும், "தயிரு இன்னும் கட்டியாவே இருக்குதுங்களா?" என்று தினமும் கேட்பாள். எனக்கு அதுவே தேவலையாக இருந்தது. வலிக்கு டாக்டர் ஒரு ஊசி போட்டார், தூக்கம் கொஞ்சம் வந்தது. சர்க்கரைக்காக டீயில் சீனி போடுவதை நிறுத்தினேன். எதைச் செய்ததால் எது நடக்கிறது என்று மட்டும் தெரியவே இல்லை. தைத்தால் பீஸ் விழும், கண்ணால் பார்க்கலாம். இந்தத் தோளில் ஒன்றுமே விழவில்லை.

எட்டு ஒன்பது மாசம் கழித்து, பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். டிரைவர் திடீரென்று பிரேக் போட, விழாமல் இருக்க மேல் கம்பியைப் பிடித்தேன். சுரீர் என்றது. ஆனால் விடவில்லை. நிமிர்ந்து பார்க்கிறேன், கம்பியைப் பிடித்திருப்பது வலது கை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "இத்தன நாள் கெஞ்சுனனே, அப்பெல்லாம் வராம இந்த டிரைவருக்கு மட்டும் வர்றயா?" என்று கையைப் பார்த்து வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்துச் சீட்டு அம்மா கைப்பையை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அதன்பின் சுவரில் கோடு மெல்ல ஏறியது. முழுசாக இல்லை. முதுகுப் பக்கம் கை இன்னும் இடுப்புக்கு மேல் போகாது. ஆனால் பக்கவாட்டில் எட்டியது. அது போதும் என்று கான்ட்ராக்டரிடம் போனேன்.

"என் மெஷின் வேணுமுங்க."

அவர் என் தோளைப் பார்த்தார். "அந்த ஒடிசாப் புள்ள பிளாட்லாக் மெஷின் பழகோணும்னு கேட்டுட்டே இருக்குது, அத மாத்திக்கலாமுங்க. நீங்க ஒன்றரை ஷிப்ட் தாங்குவீங்களா?"

தாங்குவேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். "ஒரு ஷிப்டுதானுங்க. அதுக்கு மேல முடியாது."

"லைன்ல எல்லாரும் ஒன்றரை பாக்கறப்ப உங்களுக்கு மட்டும் எப்படிங்க்கா?"

"அப்ப கைமடியே பாக்கறனுங்க. ஆனா கை வெக்கறதா இருந்தா ஒரு ஷிப்டு."

லைன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "செரி, உக்காருங்க" என்றார்.

முதல் நாள் என் வேகம் பழைய வேகத்தில் பாதிகூட இல்லை. ஒரு ஷிப்டு முடிந்து ஐந்தரைக்கு எழுந்தபோது பண்டலில் இன்னும் பாதிக் கை மீதி. அதை அப்படியே விட்டுவிட்டு எழுவது எனக்கு எவ்வளவு கேவலமாக இருந்தது என்று சொல்லி முடியாது. லைன் முழுக்க மெஷின் ஓடுகிறது, நான் மட்டும் டிபன் பையோடு நடக்கிறேன். வெளியே வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"என்னுங்க்கா, நேரத்துலயே கெளம்பிட்டீங்க? ஒடம்புக்குச் செரியில்லீங்களா?"

"செரியாயிட்டு வருதுங்க. அதான் போறேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.