ஏலக்காய் லாரியில் ஒரு லோடுமேன்

1. பாறை மேல் இயங்கிய அலுவலகம்

பொதுமுடக்கம் தொடங்கிய சில வாரங்களில் என்னைக் கேரள எல்லையில் உள்ள போடிமெட்டு சோதனைச் சாவடிக்கு அனுப்பினார்கள். அப்போது நான் வருவாய் ஆய்வாளர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பதிவேடு, நெற்றியில் காட்டும் காய்ச்சல் துப்பாக்கி, கூடவே ஓர் உத்தரவு. இ-பாஸ் இல்லாமல் யாரும் கீழே இறங்கக் கூடாது.

முதல் நாள் மெட்டில் நல்ல மஞ்சு மூட்டம். அந்தக் குளிரில் துப்பாக்கி எல்லோருக்கும் முப்பத்து மூன்று டிகிரி காட்டியது. அதை நம்பினால் அன்று எல்லையைக் கடந்தவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. நான் எல்லோருக்கும் 'இயல்பு' என்று எழுதினேன்.

இ-பாஸ் வேண்டுமென்றால் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மெட்டில் சிக்னல் கிடைத்த ஒரே இடம் சாவடிக்குப் பின்னால் இருந்த பாறை. அதில் ஏறி நின்றால் ஓடிபி வரும். ஓடிபி ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும்; வந்து சேர ஏழு நிமிடம் ஆகும். ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி விடச் சொல்லி அறிவிப்பு ஒட்டியிருந்தோம். பாறையின் அகலமே நாலடிதான். இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் நல்ல சிக்னல் உள்ள ஊரில் உட்கார்ந்து வகுத்திருக்கிறார்கள் என்பது முதல் நாள் மதியத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது.

2. வாரத்துக்கு ஐம்பத்தாறு நாள்

ஒரு திங்கட்கிழமை காலை செல்வி என்ற பெண் தன் கணவர் முருகையாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். இருவரும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர்கள், பூர்வீகம் போடி. முருகையாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு இரண்டு முறை தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். முகம் உப்பியிருந்தது. பத்தடி நடந்துவிட்டு நின்று மூச்சு வாங்கினார்.

"திங்கள் ஒண்ணு, வியாழன் ஒண்ணும்மா," என்றார் செல்வி. "போன வியாழன் போக முடியல. அவுக மூஞ்சியப் பாருங்க, நானா எதுவும் சொல்லல."

நானே பாறையில் ஏறி விண்ணப்பித்தேன். தமிழ்நாட்டு முகவரி கட்டாயம் என்றது இணையதளம். அவர்களுக்கு இருந்தது தோட்டத்து லயத்து வீட்டு முகவரி மட்டும். போடியில் முருகையாவின் அண்ணன் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கிப் போட்டேன். அடுத்த பக்கத்தில் மருத்துவப் பயணம் என்றால் ஒரே ஒரு முறைதான் என்றது. இறங்கினால் இங்கே பதினாலு நாள் தனிமை. ஏறினால் அங்கே பதினாலு நாள் தனிமை. வாரத்துக்கு இரண்டு முறை போய் வரும் மனிதர் ஒரு வாரத்தில் ஐம்பத்தாறு நாள் தனிமையில் இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கை அரசாங்கத் தாளில் போட்டுப் பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"அம்மா, சிஸ்டத்துல ஆப்ஷன் இல்லைன்னா நான் என்ன பண்றது?" என்றார். "அண்ணன் வீட்டுலயே தங்கச் சொல்லுங்க."

அண்ணனிடம் அதை ஏற்கெனவே கேட்டிருந்தேன். மலையிலிருந்து வருகிறவரை வீட்டில் வைத்தால் தெருவையே தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள் என்று அவர் பயந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தகரம் அடிக்க மட்டும் நம்மிடம் எப்போதும் ஆப்ஷன் இருந்தது.

அந்த நேரம் ஏலச் சந்தைக்குப் போகும் லாரி ஒன்று வந்து நின்றது. ஏலக்காய் அத்தியாவசியச் சரக்கு. வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு லோடுமேன். அன்றே திரும்பினால் இருவருக்கும் பாஸும் வேண்டாம், தனிமையும் வேண்டாம். டிரைவர் பாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். முருகையாவைத் தெரிந்தவன்.

"மேடம், இன்னைக்கு எனக்கு லோடுமேன் வரல," என்றான். "முருகையா அண்ணன் பேரை எழுதிக்கங்க. தேனில எறக்கிவிட்டு, சாயங்காலம் கொண்டாந்து விட்டுர்றேன்."

பேனாவை எடுத்தேன். பொய்ப் பதிவு. அதோடு, அவர் வழியாக நோய் அந்த டயாலிசிஸ் வார்டுக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. முருகையா நாற்காலியில் உட்கார்ந்து, செல்வி கொடுத்த கஞ்சித் தண்ணீரை வெறித்துக்கொண்டிருந்தார். அதைக் குடிக்கவும் அவருக்கு அளவு உண்டு. எழுதினேன். தொழில்: சுமை தூக்குபவர்.

சாயங்காலம் லாரி ஏறி வந்தபோது அவர் முகத்து வீக்கம் வற்றியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பணியில் இருந்த சுகாதார ஊழியர் என்னைப் பார்த்து, "சேச்சி, ஞான் லோடுமேனைக் கண்டு. ரோகியைக் கண்டில்ல," என்று மலையாளத்தில் சொல்லி, நோயாளியையே பார்க்காதவராகத் தடுப்பு மரத்தைத் தூக்கிவிட்டார். இரண்டு மாநிலங்களும் அந்தக் காலத்தில் ஒத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

3. மூட்டையைத் தூக்கச் சொன்ன நாள்

திங்களும் வியாழனும் பாண்டியின் லாரியில் இப்படி ஐந்தாறு வாரம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை மேலதிகாரி முன்னறிவிப்பில்லாமல் ஆய்வுக்கு வந்தார். முகத்தில் கவசம், அதற்கு மேல் இன்னொரு கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு. அவர் சொன்னதில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட பாதிதான் வினையாயிற்று.

லாரிக்குள் எட்டிப் பார்த்தவர், "இவரா லோடுமேன்? ஒரு மூட்டையத் தூக்கச் சொல்லுங்க," என்றார்.

முருகையா மறுக்கவில்லை. மெதுவாக இறங்கி, மூட்டையில் கை வைத்தார். இடது கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும்.

"விடுங்கண்ணே," என்றேன். பிறகு அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் எழுதினேன், டிரைவர் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். சஸ்பெண்ட் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

அதிகாரி அந்தக் கையையே பார்த்தார். கண்ணாடித் தடுப்பைக் கழற்றினார். எனக்கு மெமோ வரும், எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேல இருந்து பதில் வர்ற வரைக்கும் ஃபைல் பெண்டிங். பெண்டிங்ல இருக்கிற விசயத்துல இப்ப நடக்கிறதை மாத்தக் கூடாது. ரூல் அதான். புரியுதாம்மா?" என்றார்.

புரிந்தது. முப்பது வருட வேலையில் ஒரு மேலதிகாரி பேசி இவ்வளவு வெரசாக எனக்குப் புரிந்ததே இல்லை.

4. ஃபைல்

லாரி வழக்கம்போல் இறங்கியது. நான் விளக்கம் எழுதினேன். மேலிடம் இணைப்பு எங்கே என்று கேட்டது. இணைப்பு அனுப்பினேன், ஒரு பக்கம் தெளிவாக இல்லை என்றது. தெளிவான நகல் அனுப்ப ஜெராக்ஸ் கடை திறக்கவில்லை என்று எழுதினேன். அது உண்மையும்கூட. பிறகு இந்தப் பொருள் வேறு பிரிவைச் சேர்ந்தது என்று ஃபைல் அங்கே போனது. அந்தப் பிரிவு தனிமையில் இருந்தது. நம் அலுவலகங்களின் தாமதத்தை வாழ்நாளெல்லாம் திட்டியவள் நான். அந்த மாதங்கள் முழுக்க ஒவ்வொரு திங்களும் வியாழனும் அதை மனதாரக் கும்பிட்டேன்.

கடைசியில் உத்தரவு வந்தது. டயாலிசிஸ் நோயாளிகள் எல்லை தாண்டிச் சென்று வர விலக்கு அளிக்கப்படுகிறது, தனிமைப்படுத்தல் தேவையில்லை என்று அழகாக எழுதியிருந்தார்கள். அதே வாரம் இ-பாஸ் முறையையே எடுத்துவிட்டார்கள். உத்தரவைக் காட்டவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. எனக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கிடைத்தது.

முருகையா இப்போது செல்வியோடு பஸ்ஸில் இறங்கிப் போய் வருகிறார். உடம்பு முன்னைப் போல் இல்லை, ஆனால் இருக்கிறார்.

புதிதாகப் பணியில் சேரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் செய்தது சரி என்று அவர்களிடம் சொல்வதில்லை; அந்த வார்டில் யாருக்காவது தொற்றியிருந்தால் வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன். ஒன்று மட்டும் சொல்வேன். உங்கள் படிவத்தில் ஒரு மனிதருக்கு இடமில்லை என்றால், தப்பு அந்த மனிதரிடம் இருக்கிறதா என்று தேடி நேரத்தைப் போக்காதீர்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.