சக்கரத்துக்கு வைத்த பொட்டு

நாலு சக்கரமும் இழுக்கும் என்று நம்பிப் பழைய ஜீப் வைத்திருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு இரண்டுதான் இழுக்கிறது, அது தெரியவருகிற இடமும் சேறாகத்தான் இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் பட்டறை போட்டிருக்கும் என்னிடம் அந்தச் சேற்றோடுதான் வருவார்கள். என்னைப் போல இந்த வண்டிகளிடம் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன் சக்கரம் இரண்டின் நடுவிலும் ஹப் என்று ஒரு திருகு இருக்கும். இறங்கிப் போய் இரண்டையும் கையால் திருகிப் பூட்டிவிட்டு, உள்ளே லிவரைப் போட்டால்தான் முன் சக்கரம் இழுக்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன்.

வெள்ளை வேட்டி

வாழைக்காய் வியாபாரி ஒருவர், ஆற்றங்கரைத் தோட்டத்தில் வண்டி புதைந்துவிட்டது, ஹப் போச்சு என்று போன் மேல் போன். சோற்றை மூடிவைத்துவிட்டு ஓடினேன். வலது ஹப் பூட்டியிருந்தது. இடதைத் தொடவே இல்லை. ஒன்றை மட்டும் பூட்டினால் முன்னால் இழுவையே இருக்காது. "அண்ணாச்சி, இந்தப் பக்கம் ஏன் திருகல?" என்றேன். வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அங்கன ஒரே சகதியாக் கெடக்கு. சகதியில போயி எவன் வே கைய வைப்பான்?"

கல்லான சந்தனம்

ஜீப்போடு சுடலைமுத்து வந்த காலையில் மேற்கே மலை மேகத்தில் பாதி மறைந்திருந்தது. அவனுடைய அக்காள் மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்து மூட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறாள். அத்தான் படுத்த படுக்கை, பஸ்ஸில் உட்கார முடியாது. முந்தின நாள் அவர்களைக் கூட்டிவர ஜீப்பை எடுத்துப் போன சுடலைமுத்து, சேற்று வளைவில் ஏற முடியாமல் திரும்பிவிட்டான். பெருமழை இறங்கினால் பாதையை அடைத்துவிடுவார்கள்.

ஹப் இரண்டும் அசையவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பிய சந்தனமும் குங்குமமும் கிரீஸோடு சேர்ந்து திருகின் இடுக்கில் கல்லாகியிருந்தன. வண்டி கழுவும்போதுகூட அந்த இடத்தில் துணி பட்டதில்லை. திருப்புளியை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாமிக்கு வச்சது அண்ணாச்சி. சுரண்டாதிய."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியே போய் மலையைப் பார்த்தேன், உள்ளே வந்தேன், மறுபடி போனேன். கடைசியில் அவனே அக்காளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"ஏலே, சாமி பொட்டுக்கா ஏங்கிக் கெடக்கு? சுரண்டச் சொல்லுலே. அத்தான் ராத்திரியெல்லாம் ஒன்னத்தான் கேட்டாவ."

வளைவு

சுரண்டினேன். ஹப்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து மாட்டி, திருகிப் பூட்டி, சேற்றில் ஓட்டிப் பார்த்து அனுப்பினேன். அவன் போனதும் மழை பிடித்தது. அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. போட்ட டீ ஆறிப்போனது. போன் போட்டால் மலையில் டவர் கிடைக்கவில்லை. பூட்டிய ஹப் வளைவில் விட்டுக்கொடுத்தால், கீழே பள்ளம். ரோட்டுக்கும் பட்டறைக்குமாக நடந்தேன்.

சாயங்காலம் ஜீப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. அண்டா, குண்டான், பீரோவுக்கு நடுவில் மெத்தை போட்டு அத்தானைப் படுக்க வைத்திருந்தார்கள். எனக்குக் கை காட்டினார். நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். தார் ரோட்டுக்கு வந்ததும் திறந்துவிட வேண்டிய ஹப்பைத் திறக்கவில்லை. திருகின் இடுக்கு நிறைய ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் சுடலைமுத்துவை முறைத்தேன். அவன் அக்காளைப் பார்த்தான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாந்தான் வச்சேன் அண்ணாச்சி. வரும்போதும் அந்த வளைவுல முன்சக்கரம் பிடிச்சு இழுத்துச்சு பாருங்க, சும்மா விட்டுட்டு வர மனசில்ல."

நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்க எனக்குத் தெரியும், இழுத்த சக்கரத்துக்குப் பொட்டு வைக்காமல் இருக்க இந்த ஜனங்களுக்குத் தெரியாது, என் பட்டறை அதில்தான் ஓடுகிறது.