மேனேஜருக்கு நான் பூசிய பவுடர்

1. பதினொரு தாள்

தங்கராஜ் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த டெலக்ஸ் தாள்களை மேனேஜரின் மேஜையில் பரப்பினார். மொத்தம் பதினொரு தாள். எல்லாவற்றிலும் கீழே மேனேஜர் சந்தானத்தின் பெயர் இருந்தது. உள்ளே இருந்த வார்த்தையெல்லாம் என்னுடையது.

"நீங்கதான சார் இதெல்லாம் அனுப்புனீங்க? அப்பா செத்தப்ப எம்புட்டு ஆறுதலா எழுதியிருந்தீங்க. இப்பம் பொண்டாட்டி பிரசவத்துக்குப் பத்து நாள் லீவுதான சார் கேக்கேன்" என்றார் தங்கராஜ்.

சந்தானம் ஒரு தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். பிறகு தலையைத் தூக்கி, ஃபைலோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஃபிலோமினா! இங்க வா. 'டீப்லி கிரீவ்ட்'டாம்! நான் எப்போம்மா இப்படிச் சொன்னேன்?"

சொல்லவே இல்லைதான். எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2. கதவில் நின்றபடி

எழுபதுகளின் கடைசியில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் நான் டெலக்ஸ் ஆபரேட்டர். மாரெட்பள்ளி வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். டெலக்ஸ் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே தட்டினால் கல்கத்தாவில் இருக்கும் மெஷினில் அதே எழுத்து விழும். எல்லாம் ஆங்கிலம். முதலில் செய்தியை டேப்பில் பஞ்ச் செய்துகொள்வோம். லைன் கிடைத்ததும் 'நீ யார்' என்று கேட்கும் கீயை அழுத்துவோம். அந்த மெஷின் தன் அடையாளக் குறியீட்டை அனுப்பும். எந்த மெஷின் என்று தெரியும், எந்த மனுஷன் என்று தெரியாது. பிறகு டேப்பை ஓட்டுவோம்.

மேனேஜர் டிராஃப்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது ரூல். எங்கள் சந்தானம் சாருக்குப் பேனா பிடிக்கச் சோம்பல். டெலக்ஸ் ரூம் கதவில் நின்றபடி தமிழில் சொல்வார். நானும் தமிழ் என்பதால் அந்த வசதி. நான் அதை ஆங்கிலமாக்கித் தட்டுவேன். சாயங்காலம் ஃபைல் காப்பிகளை நீட்டினால் ஒன்றைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்.

அவர் சொல்லும் லட்சணம் இப்படி இருக்கும்: "அந்தக் கல்கத்தா கழுதைகிட்டச் சொல்லு, நாளைக்குள்ள டெஸ்ட் ரிப்போர்ட் வரலேன்னா தொலைச்சுக் கட்டிடுவேன்னு." 'நாளைக்குள் ரிப்போர்ட் அனுப்பினால் பேருதவியாக இருக்கும், அன்புடன்' என்று நான் தட்டுவேன். அப்பா அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. கழுதை என்று தட்ட எனக்குக் கை வராது.

இன்னொரு காரணமும் உண்டு, அதையும் ஒளிக்கவில்லை. 'உங்கள் மேனேஜர் தங்கமான மனிதர்' என்று கிளைகளிலிருந்து பதில் வரும்போது எனக்குள் ஒரு குஷி. என் இங்கிலீஷுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொள்வேன்.

கல்கத்தா கிளையின் சர்வீஸ் இன்ஜினியர் தங்கராஜின் அப்பா இறந்த செய்தி வந்த அன்று சந்தானம் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாருக்கும்தான் அப்பன் சாவான். சைட் வேலைய முடிச்சிட்டுப் போகச் சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போடத் தைரியமில்லை. சிலுவை போட்டுக்கொண்டு தட்டினேன்: 'உங்கள் இழப்பு அறிந்து மிகவும் துயருற்றேன். வேலையை முடித்ததும் உடனே கிளம்புங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

3. நேரில் வந்தார்

தங்கராஜுக்கு இரண்டு வழி இருந்தது. கம்பெனியே மெட்ராஸுக்கு மாற்றியது. போனால் சீனியாரிட்டி அப்படியே இருக்கும். அவரே கேட்டு ஹைதராபாத் வந்தால் ஆறு வருஷ சீனியாரிட்டி போய், பட்டியலில் கடைசி ஆளாக நிற்க வேண்டும். அவர் மனைவிக்கு முதல் பிள்ளை பிறந்ததும் இறந்துவிட்டது. மறுபடி உண்டாகி, பாளையங்கோட்டையில் தாய் வீட்டில் இருந்தாள். இந்தத் தடவை பக்கத்தில் இருப்பேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தார். மெட்ராஸ் மேனேஜர் லீவு விஷயத்தில் கறார் என்று பேச்சு. எங்கள் ஆளோ தங்கமானவர்! ஆறு வருஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

முதல் நாளே டெலக்ஸ் ரூமுக்கு வந்தார்.

"அக்கா, சார் நேர்லயும் இப்படித்தானா? டெலக்ஸ்ல பாத்தாப் பெத்த தகப்பன் மாதிரில்லா பேசுதாரு."

"ஆமா தம்பி, நல்ல மனுஷன்தான்" என்றேன். உண்மையைச் சொன்னால் என் குட்டு உடைந்துவிடுமே!

இரண்டு வாரத்தில் நாலு முறை சந்தானத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்போதும் மனுஷன் விட்டுக்கொடுக்கவில்லை. "வேலை டென்ஷன்ல கத்துதாரு அக்கா. உள்ள மனசு வேற. எழுத்துல பாத்திருக்கேன்லா" என்றார். கண்ணெதிரே கத்துகிற வாயை நம்பாமல், காகிதத்தை நம்பினார்.

4. மேஜை முன்னால்

"சொல்லும்மா, யாரு எழுதினது இது?" என்றார் சந்தானம்.

"நீங்க சொன்னத நான்தான் நல்லபடியாப் போட்டேன் சார். எல்லாக் காப்பியிலயும் உங்க கையெழுத்து இருக்கு."

சந்தானம் கையில் இருந்த தாளை மேஜையில் வீசினார். என்மேல் மெமோ கொடுத்தால் ரூலை மீறி அவர் டிராஃப்ட் எழுதாமல் அனுப்பச் சொன்னது வெளியே வரும். என்னை ஒன்றும் செய்ய முடியாத கோபம் முழுக்கத் தங்கராஜ் தலையில் இறங்கியது.

"லீவு கிடையாது. ஏன், புள்ள பெறப் போறது நீயா? போய் வேலையப் பாரு."

தங்கராஜ் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றே லீவு இல்லாமல் ரயிலேறிவிட்டார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பத்தாம் நாள் திரும்பியபோது சார்ஜ் ஷீட் தயாராக இருந்தது. என்கொயரி முடிவதற்குள் ரிசைன் செய்தார்.

கடைசி நாள் சைக்கிள் ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன். "மன்னிச்சிடுங்க தம்பி. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

"யாருக்கு அக்கா நல்லது? அவரு திட்டுனபடியே அனுப்பியிருந்தீங்கன்னா, நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டு மெட்ராஸ் போயிருப்பேன். உங்க மனசப் பாத்து அவருகிட்ட வந்து மாட்டிக்கிட்டேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

5. பேனா பிடித்த கை

மறுநாள் சந்தானம் வழக்கம்போலக் கதவில் வந்து நின்றார். "அந்த பாம்பே மடையன்கிட்டச் சொல்லு..."

பேடையும் பேனாவையும் நீட்டினேன். "எழுதிக் குடுங்க சார்."

"கைக்கு?" என்று ஹைதராபாத் உருதுவில் 'ஏன்' கேட்டார். "இத்தன வருஷம் இல்லாத சட்டம்?"

"எழுதிக் குடுத்தாத்தான் போகும் சார்."

முறைத்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மடையன் என்று எழுதட்டும், பாம்பேக்காரர்களாவது பிழைத்துப் போகட்டும் என்று காத்திருந்தேன். 'அன்புடன் கேட்டுக்கொள்கிறேன், உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று முத்து முத்தாக எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார். கொஞ்சமும் கூசவில்லை! வாயில் மடையன், கையில் அன்புடன். என்ன ஜென்மமோ!

அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. நான் பவுடர் பூசாவிட்டாலும் அந்த ஆளே பூசிக்கொண்டிருப்பார். அதனால் என்மேல் தப்பில்லை என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம் நக்கோ, வேண்டவே வேண்டாம்.

இப்போது எங்கள் சர்ச்சில் கொண்டாப்பூர் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் போனை நீட்டி, "ஆன்ட்டி, நான் சேரப்போற டீமோட மேனேஜர் சாட்ல எவ்வளவு டீசன்ட்டாப் பேசுறார் பாருங்க, நல்லவராத்தான் இருப்பார், இல்ல?" என்று கேட்கிறார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது. போனை மூடு, அந்த ஆளுக்குக் கீழே தினமும் வேலை செய்கிறவர் யாரென்று கண்டுபிடி, அவரைப் போய்க் கேள் என்கிறேன்.

கேட்டால் மட்டும் போதாது, கேட்கப்பட்டவர் உண்மையைச் சொல்ல வேண்டும். தங்கராஜ் சரியான ஆளிடம்தான் கேட்டார். நான்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.