அக்காவுக்குக் காமாலை இல்லை

சீப்பைத் தலைவரைக்கும் தூக்க முடியாமல் அக்கா பாதியில் கையை இறக்கிய அந்தக் காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். அக்கா என்று நான் கூப்பிட்டது என் கணவரின் அண்ணன் மனைவியை. திருமானூருக்குப் பக்கத்தில் ஒரு கரும்புக்காட்டு ஊரில், ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டு மருமகள்கள் நாங்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அக்காவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்; சின்னவள் இன்னும் பால் மறக்காதவள். தோளில் சுளுக்கிக்கொண்டது, சடை போட்டுவிடு என்றாள். பின்னும்போது அவள் பிடரி சில்லென்று வேர்த்திருந்தது.

அதற்குச் சில நாள் முன்புதான் மாத்திரை போட்டிருந்தாள். நாள் தள்ளிப்போனதும், அரியலூர் மருந்துக்கடையிலிருந்து அவள் புருஷன் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கி வந்த கருக்கலைப்பு மாத்திரை. மோட்டார் கொட்டகையில் துணி துவைக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். "கைப்புள்ளைய வச்சிக்கிட்டு இன்னொண்ணு எப்புடி? ஆஸ்பத்திரின்னா கருவிய வுட்டு எடுப்பாங்களாம், எனக்குப் பயமாருக்கு. மாத்திரைன்னா யாருக்கும் தெரியாது." கொஞ்சம் உதிரம் போயிற்று. முடிந்துவிட்டது என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் குத்துவதை மருந்தின் வேலை என்றே எடுத்துக்கொண்டோம். எந்த டாக்டரும் அவளைப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுக்கவும் இல்லை.

தோளுக்கு மாமியார் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். மத்தியானம், சின்னவளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கார் பிடித்து அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டரம்மா கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றில் கை வைத்தார், ஸ்கேன் வைத்துப் பார்த்தார், உடனே ஆட்களை விரட்டத் தொடங்கினார். அறுவைக்கு எடுத்துப்போகும்போதே அக்காவின் உயிர் போய்விட்டது.

பிறகு, மாத்திரை போட்டதை நான் சொன்னதும், டாக்டரம்மா என்னை அக்காவின் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "கரு கர்ப்பப்பையில இல்லம்மா, குழாயில தங்கியிருந்துச்சு. அத இந்த மாத்திரை கலைக்காது. வளந்து, குழாய் வெடிச்சி, வயித்துக்குள்ளயே ரத்தம் கொட்டிருச்சு. உள்ள ரத்தம் சேந்தா தோள் வலிக்கும்." நான் எண்ணெய் வாசம் வீசிய அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமியார் காமாலை என்றார். ஊரும் அப்படியே சொல்லிக்கொண்டது.

சில வருஷம் கழித்து எனக்கும் அதே நிலை வந்தது. மடியில் பிள்ளை, வயிற்றில் இன்னொன்று. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்தார்கள். மருந்தாலும் கலைக்கலாம், குழல் வைத்து உறிஞ்சியும் எடுக்கலாம் என்றார்கள். உறிஞ்சி எடுக்கச் சொன்னேன். அபூர்வமாகக் கர்ப்பப்பையில் ஓட்டை விழலாம், மிச்சம் தங்கிப்போகலாம், சீழ் பிடிக்கலாம். காய்ச்சலோ அடங்காத உதிரப்போக்கோ வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று சொன்னபிறகே மேசையில் படுக்கவைத்தார்கள். அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது. சீக்கிரமே முடிந்துவிட்டது. சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பினேன். அக்கா பயந்தது இதற்குத்தானா என்ற நினைப்பு வந்ததும் அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இப்போது அக்காவின் பெரியவள் திருச்சியில் வாழ்கிறாள், முழுகாமல் இருக்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது, அம்மாவுக்கு வந்த காமாலை எந்த மாதிரி, டாக்டர் கேட்கிறார் என்றாள். அப்போது வீட்டில் மாமியாரும் இல்லை, அவள் அப்பாவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்கும்போது தன் வயிற்றின் மேலேயே கையை வைத்திருந்தாள்.

"இத்தன வருஷமா கனவுல அம்மா ஒடம்பெல்லாம் மஞ்சளாத்தான் வருவாங்க, சித்தி" என்றாள்.