நூறு சுற்று மிஷின்

அப்பா வேலை முடிந்து வாசலில் கால் வைப்பதற்கு முன்பே அவர் சட்டையின் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க ஊற்றுகிற திரவத்தை அவர் "கூலன்ட்" என்பார். அதுவும் கருத்த எண்ணெயும் வியர்வையும் கலந்து, புளித்த மோரில் ஆணியை ஊறப்போட்டது போல நாறும். பென்னலூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அதே வாடைதான் என்பதால் யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டதில்லை.

அந்தச் சட்டையை அம்மா துவைக்கிற விதமே தனி. பைகளை வெளியே இழுத்து, உட்புறத்தைத் திருப்பி, வேலியோரம் நின்று நன்றாக உதறுவாள். இரும்பைச் சீவும்போது தெறித்து ஒட்டிய "பிசிறு" மினுங்கிக்கொண்டு மண்ணில் விழும். பிறகுதான் சோடா போட்ட வெந்நீர், பிரஷ், கல் எல்லாம். அது ஊறுகிற பக்கெட்டில் வேறு துணி விழவே கூடாது. தம்பி பிறந்த சமயத்தில் சோடா பட்டுப்பட்டு அவள் உள்ளங்கை வெடித்து, பிள்ளையைத் துடைத்துவிடக்கூட முடியாமல் போயிற்று. அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. குன்றத்தூரில் ஏதோ பொருட்காட்சியில் விற்ற, கையால் சுற்றுகிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாங்கி பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். துணியைப் போட்டு மூடி நூறு சுற்று சுற்றினால் போதும் என்று விற்றவன் சொன்னானாம்.

சுற்றுகிற வேலை அப்போது பத்து வயதான எனக்கு வந்தது. இது அழுக்குத் துணிக்கு ஆகுமா என்று இன்று யாராவது கேட்டால், கைக்குட்டைக்கும் பள்ளிச் சட்டைக்கும் ஆகும் என்பேன். எண்ணெய்க் கறைக்கு ஆகாது. அது கறையைப் போக்காது, உள்ளே கிடக்கிற எல்லாத் துணிக்கும் பங்கு வைத்துக் கொடுக்கும். இரண்டு பேன்ட் போட்டாலே தோள்பட்டை கழன்றுவிடும். எனக்கோ தெருவில் தோழிகள் காத்திருந்தார்கள். அப்பா சட்டைக்கு நூறு, தம்பி துணிக்கு நூறு என்று யார் இரண்டு முறை சுற்றுவது? உதறாமல் கொள்ளாமல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சுற்றினேன்.

நான்காம் நாள் தம்பி உடம்பெல்லாம் சிவந்து வீறிட்டான். கண் பட்டுவிட்டது என்றார்கள். வல்லக்கோட்டை முருகனுக்கு அம்மா வேண்டிக்கொண்டாள். மறுநாள் அவன் கழுத்து மடிப்பில் மயிரிழை போல ஒரு பிசிறை அவளே எடுத்தாள். வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது அப்பாவின் வழக்கம்.

"இனிமே நீ புள்ளைய தூக்காதய்யா. உன் மேல கீற இரும்புதான் அதுக்குக் குத்துது" என்றாள்.

நான் கதவருகே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு துணியையும் தனித்தனியாகச் சுற்றினேன், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் தம்பிக்கு ஆறிவிட்டது. அப்பா தூக்காததால்தான் ஆறியது என்று குற்றம் அவர்மேல் உறுதியாகிவிட்டது. குளித்துவிட்டு வந்தாலும் அவர் தொடவில்லை. நக இடுக்கில் எது இருக்குமோ என்பார். தூங்கறானா என்று நான்கடி தள்ளி வாசலில் நின்றே என்னிடம் கேட்பார். தம்பி நடந்தான், பள்ளிக்குப் போனான்; அந்த நான்கடி தூரம் அப்படியே நின்றுவிட்டது. அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காது என்று அவன் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறான். அப்போதும் சொல்லாமல் இருந்தேன். நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரகடத்தில் வேலைக்குச் சேரப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அங்கே தங்கப்போகும் அறையில் துணி துவைக்க என்று போனில் அதே மாதிரி டிரம் ஒன்றைக் காட்டி, "இன்னாக்கா, யூனிஃபார்முக்கு இது வேலைக்கு ஆவுமா?" என்றான். அப்பா எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆகாது என்றேன். ஏன் என்றான். இந்தமுறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். தம்பி அப்பாவையே பார்த்தான். அவர் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார்.

"அப்போ என் கையால இல்லியா?" என்று கேட்டார்.

இல்லப்பா என்றேன். தம்பி இப்போது அவரைவிட ஒரு சாண் உயரம். தூக்கிவைத்துக்கொள்ளும் வயதில் எங்கள் வீட்டில் பிள்ளை யாரும் இல்லை.