குரைக்காத கை

கையில் புண் இல்லை என்ற குற்றத்துக்காகக் கல்யாணம் நின்றுபோகப் பார்த்த மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

யுத்த காலம். பஸ்கள் பெட்ரோலை மறந்துவிட்டு, முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேட்டைக் கண்டால் இருமின. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கடையில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்து விரல்களுக்கிடையே இழுத்து, இழை நீளமா குட்டையா என்று சொல்ல வேண்டும். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத எனக்கு அது ஏற்ற வேலை. ஒருவர் தும்மினால் எழுந்து பறக்கிற சரக்கு, ஒருவர் கூப்பிட்டால் எழுந்து பறக்கிற ஆள்.

பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்தாள். அவள் அப்பா ஓய்வுபெற்ற கம்பவுண்டர். வாழ்நாளெல்லாம் கலக்கிய மருந்துகள் சட்டையை விட்டுப் போனாலும் கையை விட்டுப் போகவில்லை. மோர் டம்ளரைக்கூட ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் குடிப்பார்.

நான் முதல்முறை அந்த வீட்டுப் படியில் கால் வைத்ததும் என்னை வரவேற்றது ஒரு நாய். எங்கள் ஊரிலிருந்து குட்டியாகப் போனதுதான். வெள்ளைத் தோல், ரோஸ் மூக்கு, வில்லைப் போல் உள்வாங்கிய வயிறு. சொந்த ஊர்க்காரன் என்ற பாசம் துளியும் இல்லாமல் என்னைப் பார்த்துக் குரைத்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. தெருமுனையில் வண்டிமாடு ஒன்று மிரண்டது.

"பயப்படாதிய மாப்ள," என்றார் கம்பவுண்டர் பெருமையாக. "தெரியாத ஆளுன்னா அப்படித்தான். ஊரையே கூட்டிரும். போன வருசம் பட்டப்பகல்ல ஒரு பய நம்ம தென்னையில ஏறிட்டான். இது போட்ட கூப்பாட்டுல தெருவே தெரண்டுட்டு. ஆளு தப்பிச்சிட்டான், துண்டு மட்டும் சிக்குச்சு. அந்தத் துண்ட இதுகிட்டயே போட்டேன். மோந்து மோந்து பாத்துச்சு. கொஞ்ச மாசங் கழிச்சு அதே பய திரும்பவும் வந்திருக்கான். நாங்க உள்ள சாப்புட்டுக்கிட்டு இருக்கோம். ஒரு சத்தங் கெடையாது. கை கழுவக் கொல்லைக்குப் போனா, சுவத்துல பாதி வேட்டி தொங்குது. இது ஒண்ணும் நடக்காத மாதிரி நெழல்ல படுத்திருக்கு. மறுநாள் சந்தையில அந்தப் பய நொண்டிக்கிட்டுப் போறான்!"

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. நீள இழைச் சிரிப்பு. இழுக்க இழுக்க அறாமல் வந்தது. அந்த இடத்திலேயே தரம் பார்த்து முடித்துவிட்டேன்.

வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். அதற்குள் பங்குனி வெயில் வந்தது, வெயிலோடு அம்மையும் வந்தது. சுந்தரபாண்டியம் பக்கம் வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்குவதாக வண்டிக்காரர்கள் சொன்னார்கள். கம்பவுண்டர் உடனே சட்டம் போட்டார். இரண்டு வீட்டிலும் எல்லோரும் அம்மைப்பால் குத்திக்கொள்ள வேண்டும். குத்திய இடம் கொப்புளமாக எழும்ப வேண்டும். எழும்பியதை அவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகுதான் பந்தக்கால்.

"இதுல பயப்பட ஒண்ணுமில்ல மாப்ள. இது பெரியம்மை இல்ல, மாட்டுக்கு வார அம்மை. திருடன் இல்ல, திருடனோட துண்டுன்னு வச்சுக்கோங்க. மோந்து பாக்கத்தான் குடுக்கோம். நம்ம ரத்தத்துலயும் வெள்ளையா காவக்காரப் பயலுவ இருக்கானுவ. அவனுவ மோந்து வச்சுக்கிடுவானுவ."

அன்றிலிருந்து என் நரம்புகளுக்குள் ரோஸ் மூக்கோடு ஏதோ ஓடுவதாக எனக்கு ஒரு நினைப்பு.

அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார். அவரிடம் பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம். அதை விளக்கில் காட்டி ஆறவைத்து, பாலைத் தொட்டு வைத்த இடத்தில் அழுத்தி ஒரு திருகு. என் இடது புஜத்தில் நான்கு திருகு. எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

என்னை வளர்த்தவள் பெரியம்மா. என் அம்மா சுந்தரபாண்டியத்தில், நான் தவழ்கிற வயதில், காய்ச்சலில் போனாள். அப்பா கொழும்புக்குப் போய் அங்கேயே வேர்விட்டார். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் வந்த பெரியம்மாவுக்கு மாட்டு அம்மை, வெள்ளைக் காவல்காரர்கள் என்ற கதையெல்லாம் செல்லாது.

"ஊசியில வாரது யாருன்னு நெனச்சலே? மாரியாத்தாதான். விருந்தாளியக் கூப்புட்டா மரியாதையாக் கூப்புடணும்."

வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்து என் புஜத்தில் அப்பினாள். அதன்மேல் வெள்ளைத்துணி சுற்றினாள். வீட்டில் தாளிப்புச் சத்தம் நின்றது. நான் சாப்பிட்ட குழம்பு வாயும் மூக்கும் இல்லாத குழம்பு. துணியை அவிழ்க்கவே கூடாது. "எட்டாம் நாளுதான் அவ மூஞ்சியப் பாக்கணும். அம்மை குத்துற ஐயாவும் அன்னைக்குத்தான் வருவாரு. அதுவரைக்கும் கண்ணு படப்புடாது."

மறுநாளே கை அரித்தது. பஞ்சைப் பிரிப்பதுபோலத் துணிக்கு மேலேயே சொறிந்துகொண்டேன். அதற்கப்புறம் இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிட்டது. வேப்பிலை செய்கிற வேலை என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் துணியை அவிழ்த்தால், உள்ளே வாழைத்தண்டு. ஒரு பொட்டுக் கொப்புளம் இல்லை. அம்மை குத்துகிறவர் உதட்டைப் பிதுக்கினார். பெரியம்மா, விருந்தாளி வராத வீட்டுக்காரியாக, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் செய்தியோ அமர்க்களம். பெண்ணுக்குக் காய்ச்சல், கை வீக்கம், தலை வாரக்கூட முடியவில்லையாம். அவளுடைய அத்தை மகன் ஒருவன் அதே தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். என்னை விட உயரம், என்னை விடச் சிவப்பு. அவன் கை பணியாரச் சட்டியாகப் பொங்கியிருந்தது. நான் என் தோல்வியை ஒப்படைக்கப் போனபோது அவன் அங்கேதான் இருந்தான். மேல்சட்டை இல்லை. கண்ணுக்குத் தெரியாத குடம் ஒன்றை இடுக்கியிருப்பவன்போலக் கையை உடம்பிலிருந்து அகற்றிப் பிடித்தபடி, நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கமாகத் திரும்பினான்.

"பாத்தியளா மாப்ள?" என்றார் கம்பவுண்டர். "கைன்னா இது கை."

"வலிக்கிதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சீச்சீ, வலி என்ன வலி," என்றான் அவன். நாய் வாலை வீசியது, நுனி அந்தக் கையில் பட்டுவிட்டது. அவன் போட்ட சத்தத்தில் நாயே பயந்து பின்வாங்கியது. இந்தமுறை அது என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. முழங்காலை ஒரு தடவை மோந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

பால் வெயிலில் கெட்டிருக்கும் என்று சொல்லி, வலது கையில் மறுபடி குத்தினார்கள். மறுபடி வேப்பிலை, மறுபடி வெள்ளைத்துணி, மறுபடி அரிப்பு, மறுபடி எட்டாம் நாள், மறுபடி வாழைத்தண்டு. கம்பவுண்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். கையில் மோர் டம்ளர். அன்றைக்கு அதைக் குலுக்கவில்லை.

"வருத்தப்படாதிய. ஒங்க ஒடம்பு மரத்த ஒடம்பு. மோந்து பாக்கவே மாட்டேங்கு. நாளைக்கு நெசத் திருடன் வந்தா? எனக்கு இருக்கது ஒரே பொண்ணு. வைகாசி முகூர்த்தத்த விடுறதா இல்ல. இந்தக் கை எழும்பலன்னா, எழும்புன கை தெருவுக்குள்ளயே இருக்கு."

இருமிக்கொண்டே வந்த கரி பஸ்ஸில் ஊர் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே மலை கூடவே வந்தது. அதுவும் வாழைத்தண்டாகத்தான் தெரிந்தது.

பெரியம்மா கேட்டுவிட்டு என் நெற்றியில் திருநீறு பூசினாள். பிறகு, "ஆத்தா ஒம்மேல கோவமா இருக்கா. ரெண்டு வாட்டி கூப்புட்டும் எட்டிப் பாக்கலயே. முடிய எறக்கிரு," என்றாள்.

"கல்யாணத்துக்கு முன்னாலயா? மொட்ட மாப்பிள்ளையா?"

"முடி திரும்பி வரும்லே. அந்தப் புள்ள திரும்பி வருவாளா?"

மறுநாள் மாரியம்மன் கோவில் மரத்தடியில் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். பாதி மொட்டையில் நாவிதர் கத்தியை நிறுத்தினார்.

"ஏன் தம்பி, சின்னப்புள்ளையில தலையில ஆலங்கட்டி மழை பெஞ்சுச்சா? கத்தி பள்ளத்துல எறங்கி மேட்டுல ஏறுது. மாட்டுவண்டி ஓட்டுத மாதிரி இருக்கு."

கையைக் கொண்டுபோய்த் தடவினேன். உச்சிக்குப் பின்னால், பயறு பயறாக, வட்ட வட்டமாகக் குழிகள். இத்தனை வருடம் எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை, உள்ளே இப்படி ஒரு மேடு பள்ளத்தை வைத்திருந்தது. பெரியம்மா என் தலையைத் தன் பக்கம் திருப்பி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"செரங்குன்னு சொல்லித்தான ஒன்னக் குடுத்தாக," என்றாள். "தலை பூரா பொருக்கு. மூஞ்சி பளிச்சுன்னு இருந்துச்சு, நானும் நம்பிட்டேன். எண்ணெயப் போட்டு ஆத்துனேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒங்கம்மா காய்ச்சல்ல போகலலே. ஆத்தா கூட்டிக்கிட்டுப் போனா. அப்படிப் போனவுகளப் பத்தி அந்தப் பேச்ச எடுக்கப்புடாதுன்னு எடுக்கல. நீ தப்பிச்சேன்னுதான் நெனச்சேன். ஒங்கிட்டயும் வந்துட்டுத்தான் போயிருக்கா."

அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"வந்து தங்கி, சாப்புட்டுட்டுப் போனவள, வாசல்ல நின்னு வா வான்னு கூப்புட்டிருக்கேனே, வெக்கங்கெட்டவ!"

நாவிதர் மீதிப் பாதியையும் வழித்தார்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஜவுளிக்கடைக்காரன் என் துண்டுக்கு அடியில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் புண் கையையும் மறந்து தொடையில் தட்டிச் சிரித்தான். நான் துண்டை அவிழ்த்து, குனிந்து, தலையைக் கம்பவுண்டரிடம் நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தார்.

"குழி எதுலயும் விழும் மாப்ள. செரங்குலயும் விழும். ஒங்க பெரியம்மாவே இத்தன வருசம் அப்படித்தான நெனச்சிருந்தாக? உள்ள காவக்காரன் முழிச்சிருந்தா, குத்துனா கை எழும்பணும்லா?"

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. முதல்முறையாகச் சிரிப்பு இல்லாத குரல்.

"ஏம்ப்பா, தேங்காத் திருடன் ரெண்டாவது வாட்டி வந்தப்போ நம்ம நாயி குரைச்சுதா?"

"இப்ப எதுக்குட்டி நாயி?"

"சொல்லுங்க. குரைச்சுதா?"

"குரைக்கல. அதான் தெரிஞ்ச பயலாச்சே. கண்டதும் கவ்விட்டு."

"குரைக்கலன்னதும் நாயி மரத்துப்போச்சுன்னு நெனச்சியளா?"

கம்பவுண்டர் மோர் டம்ளரைத் தேடினார்.

"எனக்கும் அத்தானுக்கும் ஆளு புதுசு. எங்க ஒடம்பு ஊரக் கூட்டிருச்சு. அவியளுக்கு ஆளு பழசு. நீங்க சாப்புட்டு முடிச்சிட்டு எட்டாம் நாளு கொல்லைக்குப் போயிப் பாத்தா, என்ன இருக்கும்? கவ்வி முடிச்சுப் படுத்திருக்கும். குத்துன மறுநாளு கை அரிச்சுதான்னு கேளுங்க."

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார்.

"அரிச்சது மாமா. ரெண்டு வாட்டியும். வேப்பிலைன்னு நெனச்சேன்."

"செவந்துச்சா?"

"பாக்கல. பெரியம்மா பாக்க விடல."

ஜவுளிக்கடைக்காரன், "அரிப்பு கொசு கடிச்சாலும் வரும் மாமா," என்றான். வீட்டில் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. கம்பவுண்டரின் கண்ணில் பழைய மருந்தறை விளக்கு எரியத் தொடங்கிவிட்டது.

"இன்னொருக்காக் குத்துவோம். எனக்கு முன்னால. வேப்பிலை கெடையாது, துணி கெடையாது. நாயி கவ்வுறத நான் கண்ணால பாக்கணும்."

மூன்றாம்முறை சக்கரம் திருகியது. பெரியம்மாவைச் சமாதானப்படுத்துவதுதான் பெரிய பாடு. வந்துபோன விருந்தாளிக்கு மறுபடி இலை போட வேண்டியதில்லை என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டாள். தாளிப்பு திரும்பியது. கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, தினமும் காலை முதல் பஸ்ஸில் கையை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அந்தப் பஸ்ஸில் என் கைக்குத்தான் அவசரம். நான் துணைக்குப் போனவன்.

குத்திய மறுநாள், திருகிய நான்கு இடத்திலும் மிளகு மிளகாகச் சிவந்த மேடு. கம்பவுண்டர் மூச்சுவிடாமல் பார்த்தார். அடுத்த நாள் மேடு தாழ்ந்தது, ஓரம் வெளுத்தது. அதற்கடுத்த நாள் கொசு கடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போன அளவுக்கு ஒரு நிழல். பிறகு அதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, ஊருக்கே தெரியவில்லை. எனக்குள் எங்கோ ஒரு நிழலில் படுத்திருந்தது எழுந்து, காரியத்தை முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி படுத்துவிட்டது. தவழ்கிற வயதில் வந்த ஆளை, அம்மாவின் முகத்தையே மறந்துபோன இந்த உடம்பு, மறக்காமல் வைத்திருந்தது.

"கவ்விட்டு!" என்று கத்தினார் கம்பவுண்டர். "கவ்விட்டு மாப்ள!"

திடுக்கிட்டு எழுந்த நாய் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஒரு வட்டம் ஓடி வந்தது. கதவுக்குப் பின்னால் அந்த நீள இழைச் சிரிப்பு, அறாமல்.

வைகாசியில் கல்யாணம். அரை அங்குல முடிமேல் தலைப்பாகை. ஜவுளிக்கடை அண்ணாச்சிதான் அதைக் கட்டிவிட்டார், கொஞ்சம் இறுக்கமாகவே. அவர் கை ஆறி மாதமாகியிருந்தது. இருந்தாலும் பந்தியில் அதை அகற்றிப் பிடித்தபடியே சாப்பிட்டார். பழகிவிட்டது போலும்.

இப்போது என் முடி தன் இஷ்டத்துக்குத்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது, எந்த வேண்டுதலும் இல்லாமல். உச்சி வெளுத்து, குழிகள் ஒவ்வொன்றாக வெயிலுக்கு வருகின்றன. போன வாரம் எண்ணெய் தேய்த்துவிட்டவள், விரலை ஒரு குழியில் நிறுத்தி, "இன்னொண்ணு தெரியுதுங்க. அப்பா இருந்தா கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்திருப்பாக," என்றாள். அவள் புஜத்தில் நான்கு வட்டத் தழும்பு, அன்று ஊரைக் கூட்டிய சத்தத்தின் சுவடு. என் புஜம் இன்றைக்கும் வாழைத்தண்டு.